படம் இல்லாத மனிதர்: நொட்டிங்ஹாம் காற்றாலைக்காரர் ஜோர்ஜ் கிரீன்

ஒருவரின் வாழ்க்கையைக் கட்டுரையாக எழுதிக் கொடுத்தால் ஆசிரியர் பீடத்திலிருந்து முதலில் வரும் கேள்வி, படம் எங்கே என்பதுதான். ஜோர்ஜ் கிரீனுக்குப் படம் இல்லை. ஓவியமும் இல்லை, நிழலுருவமும் இல்லை. 1841இல் அவர் இறந்தபோது புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டு இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. பல்கலைக்கழகத்தில் பௌதிகமோ பொறியியலோ படிக்கும் எவரும் கிரீன் தேற்றத்தையும் கிரீன் சார்பையும் தாண்டாமல் வெளியே வர முடியாது. பெயர் அவ்வளவு பிரபலம். ஆனால் அந்தப் பெயருக்குரியவர் எப்படி இருந்தார் என்று சொல்ல ஒரு கோட்டுருவம்கூட மிஞ்சவில்லை. அதனால் அவரைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் ஒரு காற்றாலையின் படத்தைப் போடுகிறார்கள். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், நொட்டிங்ஹாம் நகரின் கிழக்கு விளிம்பில், ஸ்னென்டன் என்ற இடத்துக் குன்றில் நிற்கும் செங்கல் காற்றாலை அது.

காற்றாலை என்றதும் எமக்கு மன்னாரில் நிற்கும் மின்சாரக் காற்றாலைகள்தான் ஞாபகம் வரும். இது அதுவல்ல. கோதுமை அரைக்கும் ஆலை. காற்று இறக்கையைச் சுழற்றும், இறக்கை கல்லைச் சுழற்றும், கல் தானியத்தை மாவாக்கும்.

ஆலையைக் கட்டியவர் கிரீனின் தகப்பனார். அவர் பெயரும் ஜோர்ஜ் கிரீன்தான். கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்து வெதுப்பகம் ஒன்றில் தொழில் பழகி, பிறகு சொந்தமாகப் பாண் சுட்டு விற்று முன்னுக்கு வந்தவர். மகன் 1793 யூலையில் பிறந்தார். அந்தக் காலம் பாண் வியாபாரத்துக்கு நல்ல காலமும் கெட்ட காலமும். பிரான்சோடு யுத்தம். விளைச்சல் பொய்த்த வருடங்கள். கோதுமை விலை ஏறினால் நொட்டிங்ஹாமின் காலுறை நெசவாளர்கள் பட்டினி கிடந்தார்கள். பட்டினி கிடந்தவர்களின் கண்ணுக்கு முதலில் பட்டவர்கள் பாண்காரர்களும் மாவு வியாபாரிகளும்தான். 1800ஆம் ஆண்டு நகரில் உணவுக் கலவரம் வெடித்தது. கிரீன் வீட்டு வெதுப்பகமும் தாக்கப்பட்டது. தகப்பனார் பாதுகாப்புக் கேட்டு நகர மேயருக்கு எழுத வேண்டியதாயிற்று. மகனுக்கு அப்போது ஏழு வயது. பாண் வரிசையில் விடியுமுன் நின்று பழகிய எமக்கு, அந்த வீட்டின் பயத்தையும் வெளியே நின்றவர்களின் கோபத்தையும் ஒரே நேரத்தில் விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை.

அடுத்த வருடம், எட்டு வயது நிரம்புமுன், சிறுவனை ரொபர்ட் குடேக்கர் என்பவரின் பள்ளியில் சேர்த்தார்கள். நகரத்தில் பெயர் பெற்ற பள்ளி. விஞ்ஞானக் கருவிகள்கூட அங்கே இருந்தன. 1801 மார்ச்சில் சேர்ந்தவர் 1802 நடுப்பகுதியில் விலகிவிட்டார். மொத்தம் நான்கு தவணை. ஜோர்ஜ் கிரீனின் பள்ளிப் படிப்பு அவ்வளவுதான். ஒன்பதாவது பிறந்தநாள் வருகிற நேரத்தில் வெதுப்பகத்துக்குள் போனவர், நாற்பது வயதுவரை மாணவனாக எந்த வகுப்பறையிலும் உட்காரவில்லை.

1807இல் தகப்பனார் ஸ்னென்டனில் காணி வாங்கி ஆலையைக் கட்டினார். அப்போது ஸ்னென்டன் நகரத்தோடு சேராத தனிக் கிராமம். மாவுக்காக மற்ற ஆலைகளை நம்பியிருக்கும் பாண்காரர் சொந்த ஆலை வைத்துக்கொள்வது நல்ல வியாபாரப் புத்தி. மகனுக்குப் பதினான்கு வயது. இனி அவர் ஆலைக்காரர்.

காற்றாலை வேலை தூரத்திலிருந்து பார்க்க அழகானது. கிட்டப் போனால் ஆளை விடாத வேலை. தானிய மூட்டை சங்கிலியில் தொங்கி, காற்றின் பலத்தாலேயே மேல் தளத்துக்கு ஏறும். அங்கிருந்து தானியம் தன் பாரத்திலேயே கீழே இறங்கி அரைகல்லின் நடுத் துளைக்குள் விழும். கீழ்க்கல் அசையாது. மேல்கல் சுழலும். எங்கள் வீட்டுத் திரிகையும் அப்படித்தான், அளவும் எடையும்தான் வேறு. இரண்டு கல்லுக்கும் நடுவில் விடும் இடைவெளி கடதாசி கனம்தான். கொஞ்சம் கூடினால் குறுணி, குறைந்தால் மாவு சூடேறிக் கருகும். மாவு கீழ்த் தளத்தில் வந்து சாக்கில் இறங்கும். காற்று திசை மாறினால் கோபுரத்தின் தொப்பிப் பகுதி இறக்கைகளோடு சேர்ந்து திரும்ப வேண்டும். காற்று திடீரென்று பலத்தால் தடையைப் போட்டு நிறுத்த வேண்டும். தானியம் தீர்ந்தது தெரியாமல் கற்களை ஓடவிட்டால் கல்லோடு கல் உரசித் தீப்பொறி பறக்கும். காற்றில் மாவுத் தூசி மிதக்கும் இடத்தில் தீப்பொறி என்றால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. தேய்ந்த கற்களை இடைக்கிடை தூக்கிப் புரட்டி, வரிப்பள்ளங்களைத் திரும்பக் கொத்த வேண்டும். காற்றுக்கு இரவு பகல் இல்லை. நள்ளிரவில் காற்று எழும்பினால் ஆலைக்காரரும் எழும்ப வேண்டும்.

கிரீனுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. அவர் இறந்த பின் உறவினர் வில்லியம் ரொம்லின் எழுதிய சிறு குறிப்பில் இது பதிவாகியிருக்கிறது. ஆலையின் மேல் தளத்தில் ஓர் மூலையைப் படிக்கும் இடமாக வைத்திருந்தார் என்று நொட்டிங்ஹாமில் சொல்வார்கள். இரவுக் காற்றுக்குக் காத்திருக்கும் ஆளுக்கு மெழுகுவர்த்தியும் புத்தகமும் துணையாக இருந்திருக்கலாம் என்பதை நான் நம்பத் தயார்.

அவர் எங்கே கணிதம் படித்தார்? இங்கேதான் அவரின் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எல்லோரும் தடுமாறுகிறார்கள். அன்றைய இங்கிலாந்து கணிதத்தில் பின்தங்கி நின்றது. நியூட்டனின் பெருமையிலேயே ஒரு நூற்றாண்டு ஓடிவிட்டது. புதிய கணிதமெல்லாம் பிரான்சில் நடந்தது, பிரெஞ்சு மொழியில் அச்சானது, கேம்பிரிட்ஜில்கூடப் பலருக்கு அது எட்டவில்லை. நொட்டிங்ஹாமில் அதை அறிந்த ஒருவர் இருந்தார். உள்ளூர் இலக்கணப் பள்ளியின் தலைமையாசிரியர் ஜோன் ரொப்லிஸ். லாப்லாசின் வானியல் பொறியியல் நூலின் முதற் பகுதியை 1814இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டவர். கிரீனுக்கு வழிகாட்டியவர் இவராகத்தான் இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். எழுத்தில் சான்று இல்லை, ஆனால் நொட்டிங்ஹாமில் வேறு யாரையும் கைகாட்டவும் முடியவில்லை.

சான்றோடு சொல்லக்கூடியது நூலகம். 1823இல் கிரீன் நொட்டிங்ஹாம் சந்தா நூலகத்தில் உறுப்பினரானார். புரொம்லி ஹவுஸ் என்ற கட்டடத்தில் இயங்கிய நூலகம் அது. இன்றும் அதே கட்டடத்தில் இருக்கிறது. கணித நூல்கள் அங்கே அதிகம் இல்லை. ஆனால் உறுப்பினர்களாக நகரத்தின் படித்தவர்களும் வசதியுள்ளவர்களும் இருந்தார்கள். மாவு ஒட்டிய சட்டையோடு வாழ்ந்தவருக்கு அவர்களின் அறிமுகம் கிடைத்தது.

ஐந்து வருடம் கழித்து, 1828இல், கிரீன் ஒரு கட்டுரையைப் புத்தகமாக அச்சிட்டார். மின்னுக்கும் காந்தத்துக்கும் கணிதப் பகுப்பாய்வைப் பிரயோகிப்பது பற்றியது. எழுபது சொச்சம் பக்கம். முன்கூட்டியே காசு கட்டியவர்கள் 51 பேர். விலை ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ், ஏழைத் தொழிலாளிக்கு எட்டாத விலை. வாங்கியவர்களில் பெரும்பாலானோர் நூலகத்து உறுப்பினர்கள். உள்ளே இருந்ததை அவர்களில் ஒருவருக்காவது முழுதாக விளங்கியிருக்குமா என்பது சந்தேகம். ஊர்ப் பிள்ளை ஒரு புத்தகம் போடுகிறான் என்று வாங்கி வைத்திருப்பார்கள். எங்கள் ஊர்களிலும் புத்தக வெளியீட்டு விழாக்களில் நடப்பது அதுதான், அதை நான் குறைவாகச் சொல்லவில்லை. அந்த 51 பேர் இல்லாவிட்டால் இன்று கிரீன் இல்லை. முன்னுரையில் அவர், படிக்க வசதியும் நேரமும் குறைந்த ஓர் இளைஞன் எழுதியது இது, குறைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்ற கருத்துப்பட எழுதியிருந்தார்.

உள்ளே இருந்தது என்ன? நான் ஊடகக் கற்கை படித்தவன், கணிதக்காரன் அல்ல. எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன்.

ஒரு வெளிக்குள் என்ன நடக்கிறது என்பதற்கும் அதன் எல்லையில் என்ன நடக்கிறது என்பதற்கும் இடையில் பிரிக்க முடியாத உறவு உண்டு என்பது முதல் விடயம். 1828இல் கிரீன் இதை முப்பரிமாணத்தில், மின்னேற்றம் பெற்ற பொருட்களுக்காக எழுதினார். இன்று மாணவர்கள் படிக்கும் தட்டையான வடிவம் அதே வேரிலிருந்து பிற்பாடு வந்தது. அந்தத் தட்டையான வடிவம் எங்கள் வீட்டுக் காணி உறுதிவரை வந்து நிற்கிறது. நில அளவையாளர் காணியின் மூலைப் புள்ளிகளை மட்டும் அளந்து பரப்பைச் சொல்லிவிடுகிறார் அல்லவா? எல்லையைச் சுற்றி வந்தால் உள்ளே எவ்வளவு என்று தெரிந்துவிடும் என்ற அந்தக் கணக்கு இந்தத் தேற்றத்தின் எளிய பிள்ளை. வேலிக்குள் கால் வைக்க அனுமதி இல்லாத காணியின் பரப்பையும் அப்படிக் கணக்கிடலாம். வலி வடக்குக்காரருக்கு இதை நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது விடயம் கிரீன் சார்பு. குளத்தில் ஒரு புள்ளியில் ஒரேயொரு கல்லைப் போட்டால் தண்ணீர் எப்படி அசையும் என்று தெரிந்துவிட்டால், ஆயிரம் கற்கள் எங்கெங்கே எப்போது விழுந்தாலும் என்ன ஆகும் என்பதை அந்த ஒற்றைக் கல்லின் கணக்கைக் கூட்டிக் கூட்டியே சொல்லிவிடலாம். மின்னுக்கு, வெப்பத்துக்கு, ஒலிக்கு, நிலநடுக்கத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் இந்த வழி பொருந்துகிறது. அழுத்தம், அழுத்த வித்தியாசம் என்று உயர்தரத்தில் பௌதிகம் படித்தவர்கள் ஒப்புவித்த சொல்லுக்கு ஆங்கில மூலம் கொடுத்ததும் இந்தக் கட்டுரைதான்.

கட்டுரை வெளிவந்தது. ஒன்றும் நடக்கவில்லை. பெரிய கணிதக்காரர் எவரும் வாங்கவில்லை, எவரும் விமர்சிக்கவில்லை.

ஒரு கடிதம் மட்டும் வந்தது. சந்தா கட்டியவர்களில் சேர் எட்வர்ட் புரொம்ஹெட் என்பவர் ஒருவர். பக்கத்து லிங்கன்ஷயரில் நிலபுலத்தோடு வாழ்ந்தவர், கேம்பிரிட்ஜில் படித்தவர், சார்ள்ஸ் பபேஜ், ஜோன் ஹேர்ஷல் ஆகியோரோடு சேர்ந்து இங்கிலாந்துக் கணிதத்தைப் புதுப்பிக்க முயன்றவர். 51 பேரில் புத்தகத்தின் பெறுமதியைக் கண்டுகொண்டவர் இவர்தான் போலிருக்கிறது. இனி எழுதுவதை அனுப்பினால் விஞ்ஞானச் சங்கங்களிடம் சேர்த்துவிடுகிறேன் என்று கிரீனுக்கு எழுதினார்.

கிரீன் பதில் போடவில்லை. பெரிய இடத்து மனிதர்கள் மரியாதைக்கு இப்படி எழுதுவார்கள், அதை நம்பிப் பதில் எழுதித் தொந்தரவு கொடுத்தால் அழகில்லை என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். கிரீன் அதை நம்பினார். ஏறத்தாழ இருபது மாதம் அந்தக் கடிதம் பதிலில்லாமல் கிடந்தது. 1830 ஜனவரியில்தான், தான் கேட்ட புத்தி பிழையானது என்று தெரிந்து, மன்னிப்புக் கேட்டு எழுதினார்.

அவரின் வாழ்க்கையில் என்னை அதிகம் வருத்துவது இந்த இருபது மாதம். அந்தப் புத்தியைச் சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். உன் அளவைத் தாண்டாதே, பட்டுக்கொள்வாய் என்ற அக்கறையில் சொல்லியிருப்பார். படிப்பு பாதியில் நின்றவர்கள் எங்களிடையே நிறையப் பேர். விண்ணப்பப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதெல்லாம் எங்களுக்குச் சரிவராது என்று மடித்து வைத்தவர்களுக்கு கிரீனின் மேசையில் கிடந்த அந்தக் கடிதம் விளங்கும். 47 வருடம்தான் வாழ்ந்தார். ஆராய்ச்சிக்குக் கிடைத்தது மொத்தம் பத்துப் பன்னிரண்டு வருடம். அதில் ஏறக்குறைய இரண்டு வருடம் இப்படிப் போனது.

இதற்கிடையில் 1829இல் தகப்பனார் இறந்துவிட்டார். தாய் அதற்கு முன்பே, 1825இல். ஆலையும் சொத்தும் மகனுக்கு வந்தன. ஆலையைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுப் படிப்பில் இறங்கும் அளவுக்குக் கையில் இருந்தது. புரொம்ஹெட்டின் உதவியோடு மூன்று ஆய்வுகள் வெளிவந்தன, இரண்டு கேம்பிரிட்ஜில், ஒன்று எடின்பரோவில். 1833 யூனில் கேம்பிரிட்ஜில் விஞ்ஞானிகளின் பெரிய கூட்டம் ஒன்று நடந்தது. வாருங்கள், ஹேர்ஷலையும் பபேஜையும் அறிமுகப்படுத்துகிறேன் என்று புரொம்ஹெட் அழைத்தார். தான் இன்னும் ஆரம்பநிலையில் இருப்பவன், அந்தப் பெரியவர்கள் மத்தியில் வர உரிமை இல்லை என்று கிரீன் மறுத்துவிட்டார். அவர் அப்போது எழுதி முடித்திருந்தது, அந்தக் கூட்டத்தில் இருந்த எவரும் எழுதியிராதது.

அதே வருடம் ஒக்ரோபரில் மாணவராகவே கேம்பிரிட்ஜ் போனார். புரொம்ஹெட் படித்த கீஸ் கல்லூரி. வயது நாற்பது. கூடப் படித்தவர்களுக்குப் பதினெட்டு, பத்தொன்பது. கணிதத்தில் அவர் ஆசிரியர்களைவிட மேலே. ஆனால் லத்தீனும் கிரேக்கமும் அவர்கள் சிறுவயதில் பாடமாக்கியவை, இவர் அந்த வயதில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். எப்படியோ அதையும் தாண்டி 1837இல் கணித இறுதித் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். அந்த வருடம் இரண்டாம் இடம் பெற்றவர் ஜேம்ஸ் சில்வெஸ்டர். யூதர். ஆங்கிலத் திருச்சபையின் கோட்பாடுகளுக்குக் கையெழுத்திட மாட்டார் என்பதால் அவருக்குப் பட்டமே கொடுக்கவில்லை. ஒரே வருடத்துப் பட்டியலில் இப்படி இருவர்.

ஜேன் ஸ்மித் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவரைப் பற்றிய எழுத்துகளிலும் ஜேன் பிந்தித்தான் வருவார். ஆலையை நிர்வகித்த வில்லியம் ஸ்மித்தின் மகள். கிரீனுக்கும் அவருக்கும் ஏழு பிள்ளைகள். மூத்தவள் 1824இல், கடைசிப் பிள்ளை கிளாரா 1840இல். இருவரும் திருமணம் செய்யவில்லை. ஏன் என்று பல கதைகள் உண்டு. தகப்பனார் சம்மதிக்கவில்லை என்பது ஒன்று. உறுதியாகத் தெரிவது, கேம்பிரிட்ஜ் கல்லூரியில் ஆய்வாளர் பதவி வேண்டுமானால் மணமாகாதவராக இருக்க வேண்டும் என்ற சட்டம். கிரீன் சட்டப்படி மணமாகாதவர். 1839இல் பதவி கிடைத்தது. நொட்டிங்ஹாமில் ஜேன் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கிரீன் என்ற பெயரிலேயே வளர்ந்தார்கள், உயிலிலும் கிரீன் அவர்களுக்கு ஏற்பாடு செய்திருந்தார். ஆனாலும் அந்தப் பதவியின் விலையைக் கட்டியவர் ஜேன்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேம்பிரிட்ஜில் இருந்தபோது கிரீன் ஒலியைப் பற்றி, ஒளியைப் பற்றி, தண்ணீர் அலையைப் பற்றி எழுதினார். நான் இந்த மனிதரைத் தேடிப் படிக்கத் தொடங்கியது தண்ணீர் அலையால்தான். சில வருடங்களுக்கு முன் டிசம்பர் 26 நினைவேந்தல் செய்திக்காக முல்லைத்தீவுக்குப் போயிருந்தேன். கரையில் ஒரு மீனவ ஐயா கேட்டார்: அண்டைக்குக் கடலில் தொலைவில் நின்ற படகுக்காரருக்கு ஒண்டும் தெரியேல்லை, கரையில மட்டும் எப்பிடி தம்பி பனையளவுக்கு எழும்பினது? எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில், கிரீன் எழுதிய ஒரு சிறிய ஆய்வில் இருக்கிறது. 1838இல் அச்சானது. ஆழமும் அகலமும் மெதுவாக மாறும் கால்வாயில் அலை எப்படிப் போகும் என்பது கேள்வி. அன்றைய இங்கிலாந்தில் நிலக்கரியும் தானியமும் கால்வாய்களில்தான் போய் வந்தன, ஆகவே இது வெறும் புத்தகக் கேள்வி அல்ல. ஆழம் குறையும்போது அலை வேகம் குறையும். பின்னால் வரும் தண்ணீர் முன்னால் போவதை நெருக்கும். அதே சக்தி சிறிய இடத்துக்குள் அடங்க வேண்டும், அதனால் அலை உயரும். எவ்வளவு உயரும் என்பதற்கு கிரீன் கண்ட விதி: ஆழம் எத்தனை மடங்கு குறைகிறதோ, அந்த எண்ணின் நான்காம் மூலத்தின் அளவுக்கு அலை உயரும். அகலம் நாலில் ஒன்றாகச் சுருங்கினால் உயரம் இரட்டிக்கும்.

இலக்கத்தில் பார்ப்போம். 4000 மீற்றர் ஆழக் கடலில் இப்படிப்பட்ட அலை மணிக்கு 700 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். அங்கே அதன் உயரம் ஒரு மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். முகட்டுக்கும் முகட்டுக்கும் இடையில் நூறு கிலோமீற்றருக்கு மேல் இருக்கும், ஆகவே படகு மெல்ல ஏறி மெல்ல இறங்கும், படகிலுள்ளவருக்குத் தெரியாது. ஆழம் 10 மீற்றராகும்போது வேகம் மணிக்கு 36 கிலோமீற்றருக்குக் குறைந்துவிடும். ஆழம் 400 மடங்கு குறைந்திருக்கிறது. 400இன் நான்காம் மூலம் நாலரை. ஒரு மீற்றர் அலை நாலரை மீற்றராகிவிட்டது. அதற்குப் பின் கரையோடு மோதி உடைந்து நிலத்தில் ஏறுவது வேறு கணக்கு, அது இடத்துக்கு இடம் மாறும். 2004இல் சுமாத்ராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்து இரண்டு மணித்தியாலத்தில், இந்து சமுத்திரத்துக்கு மேலே தற்செயலாகக் கடந்த செய்மதி ஒன்று நடுக்கடலில் அளந்த அலையின் உயரம் அரை மீற்றருக்குச் சற்று அதிகம்தான். எங்கள் கிழக்குக் கரையை அலை அடைய எடுத்ததும் ஏறத்தாழ அதே இரண்டு மணித்தியாலம்தான். விதி 166 வருடமாக அச்சில் இருந்தது. யப்பான் போன்ற நாடுகள் சுனாமி எச்சரிக்கையில் கரையோர உயரத்தை மதிப்பிட அதைப் பயன்படுத்தின. இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கை அமைப்பே இருக்கவில்லை. அந்த ஐயாவுக்குப் போய் இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கணக்குத் தெரிஞ்சவன் இருந்திருக்கிறான், சொல்லுறவன்தான் இல்லை என்றார்.

பதவி கிடைத்த சில மாதங்களிலேயே கிரீனின் உடல்நிலை கெட்டது. 1840இல் ஸ்னென்டனுக்குத் திரும்பினார். 1841 மே 31 அன்று இறந்தார். காரணம் இன்புளுவென்சா என்று பதிவு. ஆலையிலிருந்து பார்க்கும் தூரத்தில் புனித ஸ்டீபன் தேவாலய வளவில் அடக்கம் செய்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகை சில வரிகள் போட்டது, இன்னும் வாழ்ந்திருந்தால் நல்ல கணிதக்காரராக வந்திருப்பார் என்ற மாதிரி.

1828 கட்டுரை அவரோடு போயிருக்க வேண்டியது. போகாததற்குக் காரணம் வில்லியம் தொம்சன் என்ற இருபது வயது மாணவன், பிற்காலத்துக் கெல்வின் பிரபு. வேறொருவரின் ஆய்வில் கிரீனின் கட்டுரை பற்றி ஒரு குறிப்பைக் கண்டு, கேம்பிரிட்ஜ் புத்தகக் கடைகளெல்லாம் தேடினான். எங்கும் இல்லை. 1845 ஜனவரியில் பாரிசுக்குப் புறப்படுவதற்கு முந்தைய நாள், தன் ஆசான் வில்லியம் ஹொப்கின்சிடம் தற்செயலாகச் சொல்ல, அவர் தன் அறையில் கிடந்த பிரதிகளை எடுத்துக் கொடுத்தார். பிரயாணத்தில் வாசித்த தொம்சனுக்கு நம்ப முடியவில்லை. பாரிசில் லியூவில், ஸ்டேர்ம் என்ற பெரும் கணிதக்காரர்களிடம் காட்டினான். தாங்கள் பிற்பாடு கண்டுபிடித்தவற்றை, பெயர் தெரியாத ஒரு மாவாலைக்காரர் முன்பே எழுதி வைத்திருப்பதை அவர்கள் கண்டார்கள். 1850 முதல் 1854 வரை, ஜேர்மனியின் புகழ்பெற்ற கணித இதழில் கட்டுரை மூன்று பகுதிகளாக மறுபடி அச்சானது. கிரீன் இறந்து பத்து வருடம் கழித்துத்தான் அவர் உயிர்பெற்றார் என்று சொல்லலாம்.

அதன் பிறகு அவரின் கணிதம் நின்றதேயில்லை. இரண்டாம் உலகப் போரில் ராடார் வேலையில் கிரீன் சார்பைப் பயன்படுத்திய ஜூலியன் சுவிங்கர் என்ற அமெரிக்கர், அதே கருவியை அணுவுக்குள் கொண்டுபோய் 1965இல் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1993இல், கிரீன் பிறந்து 200 வருடம் ஆனபோது, முதியவராக நொட்டிங்ஹாமுக்கு வந்து, தானும் ஜோர்ஜும் என்று உறவு கொண்டாடிப் பேசினார். அதே மாதம் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், நியூட்டன் புதைக்கப்பட்ட இடத்துக்குக் கிட்ட, கிரீனுக்கு நினைவுக்கல் பதித்தார்கள்.

ஆலையின் கதை அவ்வளவு நேராகப் போகவில்லை. நீராவி ஆலைகள் வந்தபின் 1860களில் அரைப்பு நின்றது. இறக்கைகள் போயின. கடைசி மகள் கிளாரா, தகப்பனை ஒரு வயதில் இழந்தவள், 1919இல் இறந்தார். பாழடைந்த கோபுரத்தை உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் வாங்கி, மழை உள்ளே போகாமல் செம்புத் தகட்டால் மூடினார். அதற்குள் தளபாடங்களுக்குப் பூசும் பொலிஷ் செய்யும் தொழில் நடந்தது. எரியக்கூடிய சாமான் நிறைந்த இடம். 1947இல் தீப்பிடித்து உள்ளேயிருந்த மரவேலையெல்லாம் சாம்பலானது. வெறும் செங்கல் ஓடு நின்றது. சுற்றிலும் வீடுகள் எழும்பின.

1970களில் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்து ஆட்கள் சிலர் கிரீன் பெயரில் நிதி திரட்டத் தொடங்கினார்கள். கோபுரம் வாங்கப்பட்டு நகர சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. தொப்பி, இறக்கை, பற்சக்கரம், கல் என்று ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்து பொருத்தினார்கள். 1985இல் திறந்தார்கள், பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஒரு விஞ்ஞானக் கூடமும். 1986 டிசம்பரில், நூறு வருடத்துக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு, கல்லின் கீழிருந்து மாவு இறங்கியது. காற்று உள்ள நாட்களில் அரைத்து, பையில் கட்டி அங்கேயே விற்கிறார்கள்.